'வை' தட்ட முதல் அந்தப் பட்டியலை வாசியுங்கள்

போன மாதம் கோண்டாவில் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றிலிருந்து அழைப்பு. "தம்பி, கொம்பியூட்டர் இடம் இல்லையெண்டு சொல்லுது, ஒண்டும் இறக்கேலாமக் கிடக்கு" என்றார் வாசிகசாலையைப் பார்க்கும் அக்கா.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சின்னக் கணினி அது. 2 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும் ஐஸ்டபிள்யூஎம் என்ற இலகுவான சாளர மேலாளரும் போட்டுக் கொடுத்தது நான்தான். நூலகம் என்ற இணையத் தளத்திலிருந்து பழைய பத்திரிகைகளை பிடிஎஃப்பாக இறக்கி வாசிப்பதுதான் அங்கே பெரிய வேலை. மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கருவியின் வரலாற்றுக் கோப்பைத் திறந்தேன். உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி பிடிஎஃப் வாசிக்க ஒக்குலர் போட்டிருந்தார். ஒக்குலர் நல்ல மென்பொருள். ஆனால் அது கேடிஈ என்ற பெரிய டெஸ்க்டொப் வீட்டுப் பிள்ளை, தனியாக வராது, தனக்குத் தேவையான மற்ற மென்பொருள் பொதிகள் என்ற சொந்தபந்தத்தோடுதான் வரும். திரையில் ஓடிய நீண்ட பெயர்ப் பட்டியலைப் பார்க்காமல் தம்பி சம்மதம் என்று 'வை' விசையைத் தட்டிவிட்டார். ஒக்குலரை எடுத்து எம்யூபிடிஎஃப் என்ற சின்ன வாசிப்பானைப் போட்டேன். பக்கம் புரட்ட அக்காவுக்கு இரண்டு விசை போதும்.

டெபியனில் ஒரு பொதி இன்னொன்றை முக்கியமாக மூன்று விதமாகக் கேட்கும்: 'டிபெண்ட்ஸ்' இல்லாவிட்டால் ஓடாது, 'ரெக்கமெண்ட்ஸ்' பெரும்பாலானோருக்குத் தேவைப்படும், 'சஜெஸ்ட்ஸ்' விரும்பினால் மட்டும். 2009இல் வந்த லென்னி பதிப்பிலிருந்து இரண்டாவது வகையையும் ஆப்ட் கேட்காமலே போட்டுவிடுகிறது. சின்னக் கணினியில் இடம் போவது பெரும்பாலும் இந்த வழியால்தான். 'நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்' என்று கட்டளையில் சேர்த்தால் வராது.

சும்மா கிடக்கிற லைப்ரரி (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ரேமைத் தின்னாது, அதைச் சொல்லியாக வேண்டும். ரேமைத் தின்பது கூடவே வந்து பின்னணியில் ஓடத் தொடங்கும் சேவைகள். லைப்ரரி வேறு இரண்டு வழியில் செலவு வைக்கும். ஒன்று, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் போகும் டேட்டா. அந்த நிலையத்தில் அக்காவின் போன் ஹொட்ஸ்பொட்தான் இணையம்.

மற்றது பாதுகாப்பு. 2024 மார்ச் 29இல் வெளியான எக்ஸ்இசட் விவகாரத்தை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சுக்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரி தேவையே இல்லை. டெபியன் போன்றவை, சேவை தொடங்கியதை, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காக அதன் லைப்ரரியை எஸ்எஸ்எச்சோடு இணைத்திருந்தன. அந்த லைப்ரரி எக்ஸ்இசட்டை இழுத்து வந்தது. எக்ஸ்இசட் திட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பிடித்த ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்துவிட்டார். உள்நுழைய அரை நொடி கூடப் பிடிக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் தோண்டிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை. ஒரு சின்ன அறிவிப்புக்காகப் போட்ட இணைப்பு அது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டவும் கூடாது. கோப்புகளை இறக்கும் டபிள்யூகெட் போடும்போது 'ரெக்கமெண்ட்ஸ்' பரிந்துரைகளை மறுத்தால், தளங்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் சிஏ சான்றிதழ்ப் பொதியும் வராமல் போகலாம், பிறகு பாதுகாப்பான தளம் ஒன்றையும் அது நம்பாது. தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பத்திரிகைத் தளமெல்லாம் வெறும் பெட்டி. ரெங்கநாதன் விசைப்பலகையில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் வேண்டும், இவற்றில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இனித் தேவையில்லாத பொதிகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' அடிக்கும்போதும் கவனம். முழு டெஸ்க்டொப்பையும் கட்டி வைத்திருக்கும் மெட்டா பொதியை முதலில் நீக்கிவிட்டால், பின்னால் வரும் ஆட்டோரிமூவ் மற்றவற்றையும் வாரிக்கொண்டு போகலாம். முதலில் 'எஸ்' தெரிவோடு ஒத்திகை ஓட்டுங்கள், உண்மையில் ஒன்றும் மாறாது. ஒரு பொதியை எது கேட்கிறது என்று அறிய, ஆப்ட்-கேஷின் 'ஆர்டிபெண்ட்ஸ்' கட்டளையை 'இன்ஸ்டால்ட்' தெரிவோடு கேளுங்கள்.

அந்தத் தம்பியைப் பக்கத்தில் இருத்தி இதையெல்லாம் ஒருக்கால் செய்து காட்டினேன். இப்போது ஏதும் போட முதல் ஒத்திகைப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நேற்று வந்ததில் 4 பெயர்கள். மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டு, "அண்ணா, இது என்னத்துக்கு?" என்று கேட்டிருந்தார்.