சோலார் மானியத்துல ஹீட் பம்பு வருமா? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீட்டுக்காரங்களுக்கு

வராது. பிஎம் சூர்ய கர் திட்டத்துல கரண்ட் எடுக்குற சோலார் பேனலுக்கு மட்டும்தான் மானியம், ஹீட் பம்புக்கும் (வெளிக்காத்து சூட்டை வெச்சு வெந்நீர் போடுற மெஷின்) கிடையாது, சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் கிடையாது. ஆனா பேனலையும் ஹீட் பம்பையும் சேர்த்து யோசிச்சா நம்ம மலைக்கு நல்லாவே ஒத்து வரும்.

முதல்ல காசு. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபா, 2க்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் 78,000, அவ்வளவுதான். 2024 பிப்ரவரில வந்த மத்திய அரசு திட்டம். சொந்த வீடா இருக்கணும், ஈபி கனெக்‌ஷன் இருக்கணும், முன்னாடி சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது. கூடலூர் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்துல (ஜென்மம் நிலச் சட்டப்படி உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) கனெக்‌ஷனுக்கே அலையுற குடும்பங்களுக்கு இதுல ஒண்ணுமில்ல, அதை யாரும் பேசவும் மாட்டேங்குறாங்க.

தேசிய போர்ட்டல்ல ஈபி நம்பர் போட்டு அப்ளை பண்ணணும், பதிவு பண்ண வெண்டர்தான் மாட்டணும், நெட் மீட்டர் (நாம எடுக்குற கரண்ட்டையும் திருப்பி குடுக்குற கரண்ட்டையும் சேர்த்து கணக்கு பண்றது) வெச்சு ஆய்வு முடிஞ்ச பிறகுதான் பணம் பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும், அதனால முதல்ல கைக்காசோ லோனோ தேவை.

இப்ப வெந்நீர் கணக்கு. 15 டிகிரில இருக்குற 100 லிட்டர் தண்ணிய 50 டிகிரிக்கு ஏத்த கெய்சருக்கு 4 யூனிட்டுக்கு மேல ஆகும், தினமும் போட்டா ரெண்டு மாச பில்லுல அதுவே 240 யூனிட், நம்ம 100 யூனிட் இலவசம் எந்த மூலைக்கு? ஹீட் பம்பு வெளிக்காத்துல இருக்குற சூட்டை இழுத்து தண்ணிக்கு ஏத்துறதால அதுல மூணுல ஒரு பங்குலயே முடிச்சிடும். என்ன, உறைபனி விழுற ஜனவரி விடியக்காலைல போட்டா அதுல சூட்டை இழுக்குற குழாய்ச்சுருள்லயே (காயில்) பனி கட்டி மெஷின் திணறும்.

அதனால பகல்ல 11 மணிக்கு மேல ஓட விடுங்க, பேனல் கரண்டும் அப்பதான் வரும். இன்னும் ஒரு படி மேல போகணும்னா, டிசம்பர், ஜனவரில தெக்கு பாத்த சுவத்துல நல்லா வெயில் அடிக்கும், அதுல கருப்பு பெயிண்ட் அடிச்ச தகரத்தை கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டி, உள்ள சூடாகுற காத்தை ஹீட் பம்போட காத்து இழுக்குற பக்கம் விடலாம். உள்ள போற காத்து ஒரு டிகிரி ஏறினாலே சுமாரா 2, 3 சதவீதம் கரண்ட் மிச்சம். காத்து வழி மட்டும் குறுகலா இருக்கக் கூடாது, ஃபேன் மூச்சு முட்டினா மிச்சம் புடிச்சதெல்லாம் போச்சு. ஜூன், ஜூலை மழைல இந்தச் சுவரால ஒரு பிரயோஜனமும் இல்ல, வெயிலும் அப்ப வடக்க போயிடும்.

தகரச் சுவரு உங்க செலவுதான், திட்டத்துல சேராது. கட்டடத்தோட சேர்த்தே பதிக்கிற, கரண்ட் எடுக்குற பேனலா இருந்தா அதை விதில ஏத்துக்குறாங்க, ஆனா சுவத்துல செங்குத்தா நிக்கிற பேனல் நம்ம ஊர்ல கூரைப் பேனல் அளவுக்கு கரண்ட் தராது, என்னைக் கேட்டா கூரைலயே போடுங்க.

100 யூனிட்டுக்குள்ளயே பில் முடியுற வீடுன்னா பேனலே வேணாம். மத்தவங்க அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி, பேனலும் அதுக்குள்ள இருக்குற செல்லும் இந்தியாவுல செஞ்சதுதானான்னு வெண்டர்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, அது இல்லன்னா மானியம் வராது, 5 வருஷ மெயின்டனன்ஸும் அவங்க பொறுப்புதான்னு அதே பேப்பர்ல போடச் சொல்லுங்க.