டாக்ஸ் இன்ஜங்ஷன் ஆக்ட்: தடைக்கே ஒரு தடை

அமெரிக்காவின் ‘டாக்ஸ் இன்ஜங்ஷன் ஆக்ட்’ என்ற பெயரை ‘வரித் தடைச் சட்டம்’ என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். அது வரியைத் தடுக்கும் சட்டமல்ல. மாநில வரிக்குத் தடை கொடுக்காதே என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடும் சட்டம்.

இன்ஜங்ஷன் என்பது ஒன்றைச் செய் என்றோ செய்யாதே என்றோ நீதிமன்றம் இடும் ஆணை. அதற்கு மூலம் லத்தீனின் ‘இன்யுங்கெரே’: மேலே பூட்டுதல், ஒருவர்மீது கடமையைச் சுமத்துதல். சமஸ்கிருதத்தின் ‘யோகம்’ இதற்கு வேர்வழி உறவு. ஆக ‘செய்’, ‘செய்யாதே’ இரண்டுமே இதில் அடக்கம். நம் உரிமையியல் வழக்குகளின் பிராதில் ‘நிரந்தர உறுத்துக்கட்டளைப் பரிகாரம்’ கேட்பார்களே, அந்தச் சொல் இரண்டையும் தாங்கும். கண்ணில் தூசி உறுத்துவதை நினைக்க வேண்டாம். இது வலியுறுத்து, அறிவுறுத்து என்பவற்றில் வரும் ‘உறுத்து’. ஆனால் இந்தச் சட்டத்துக்கு ‘செய்யாதே’ பக்கம் மட்டுமே வேலை என்பதால், ‘தடையாணை’ போதும். முழுப்பெயரை ‘வரித் தடையாணை விலக்குச் சட்டம்’ என்பேன். ‘ஃபெடரல் கோர்ட்’டை ‘மத்திய நீதிமன்றம்’ என்பதும் சரியல்ல. அங்கே மாநிலங்களுக்குத் தனி நீதிமன்ற வரிசை, கூட்டாட்சிக்குத் தனி வரிசை. நமக்கு இருப்பது ஒரே ஏணி.

சட்டம் வந்தது 1937இல். அதுவரை வெளிமாநில நிறுவனங்களுக்கு ஒரு வசதி இருந்தது. வேற்று மாநிலத்தார் என்ற தகுதியில் கூட்டாட்சி நீதிமன்றம் போய், வழக்கு முடியும்வரை வரியைக் கட்டாமல் நிறுத்தி வைக்கலாம். உள்ளூர்க்காரரோ பெரும்பாலும் முதலில் கட்டிவிட்டு, பிறகு திருப்பிக் கேட்டு மாநில நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். மாநிலக் கருவூலமோ பொருளாதார மந்தநிலையில் காய்ந்து கிடந்தது. அதனால்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கதவை மூடியது: மாநில நீதிமன்றத்தில் ‘தெளிவான, விரைவான, திறம்பட்ட’ பரிகாரம், அதாவது குறையைத் தீர்க்கும் சட்டவழி, இருந்தால், மாநில வரியின் மதிப்பீட்டையோ விதிப்பையோ வசூலையோ கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் நிறுத்தக் கூடாது. உச்ச நீதிமன்றத்துக்கு இது பொருந்தாது. மாநில நீதிமன்றங்கள் வழியாக ஏறி வரும் வழக்கை அது கேட்கலாம்.

‘விரைவான’ என்ற சொல்லை ரொம்ப நம்பிவிடக் கூடாது. 1981இல் இல்லினாய் மாநிலத்து ரோஸ்வெல் வழக்கில், சொத்துவரியைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெற வழக்கமாக இரண்டு ஆண்டாகும், அதற்கு வட்டியும் கிடையாது என்ற நிலை. அதுவும் போதுமான பரிகாரமே என்று உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பானது. பரிகாரம் என்றதும் திருநள்ளாறு ஞாபகம் வருகிறவர்களுக்கு, அங்கேகூட இவ்வளவு காத்திருப்பு இராது என்று தோன்றலாம்.

விலக்கும் உண்டு. தன் வரியைக் குறைக்கக் கேட்காமல், பிறருக்குத் தரும் வரிச்சலுகையை எதிர்ப்பவரை இச்சட்டம் தடுக்காது என்றது 2004இன் ஹிப்ஸ் எதிர் வின் தீர்ப்பு. அரிசோனா வழக்கு அது. 2015இல் கொலராடோ விவகாரம். விற்பனை வரி வசூலிக்காத வெளிமாநில விற்பனையாளர்கள், வாங்கியவர் விவரத்தை வரித்துறைக்குத் தர வேண்டும் என்றது அம்மாநிலச் சட்டம். தகவல் கேட்பது வசூலுக்கு முந்தைய படி. அதை எதிர்ப்பது வசூலை ‘நிறுத்துவது’ ஆகாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். வசூலுக்கு இடைஞ்சல் வேறு, வசூலுக்குத் தடை வேறு.