ஆர் மதிப்பு குறைந்தால் கட்டமைப்பு சரியாகிவிடுமா?

எக்ஸ்-கதிர்ப் படிகவியல் மாணவர்களிடமிருந்து மறுபடியும் அதே கேள்வி: "சார், ஷெல்எக்ஸ்டி தீர்த்துவிட்டது, ஆர்1 4 விழுக்காடு. ஆய்வேட்டில் போடலாமா?" ஷெல்எக்ஸ்டி என்பது படிகத்தில் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் நிரல்; ஆர்1 என்பது மாதிரிக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாடு, குறைந்தால் நல்லது என்பார்கள். மலேசியாவின் பீடோங், சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து படித்து மேலே வந்த பிள்ளைகளே, இப்போதைக்குப் போடாதீர்கள்.

நிரல் தருவது முதல் ஊகம். கருவி அளப்பது படிகம் சிதறடித்த எக்ஸ்-கதிர்களின் செறிவை மட்டும்தான். கட்டம், அதாவது ஒவ்வொரு அலையின் ஏற்ற இறக்கமும் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, அளவீட்டிலேயே தொலைந்துவிடுகிறது. நிரல் கட்டங்களைத் தேடிப் பிடித்து, எலக்ட்ரான் அடர்த்தியின் உச்சங்களுக்குத் தனிமப் பெயர் ஒட்டுகிறது. அதன்பின் நீங்கள் பார்க்கும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்துக்குக் கட்டம் எங்கிருந்து வருகிறது? உங்கள் மாதிரியிலிருந்தேதான். மாதிரியில் தவறு இருந்தால் வரைபடமும் அந்தப் பக்கமே சாயும். நைட்ரஜனுக்கு 7 எலக்ட்ரான், ஆக்சிஜனுக்கு 8. இரண்டையும் மாற்றி வைத்தாலும் ஆர் மதிப்பு பெரிதாக அசையாது!

ஆகவே அணுவின் அதிர்வைக் காட்டும் நீள்வட்டத்தைப் பாருங்கள். உண்மையைவிடக் கனமான தனிமத்தின் பெயரை வைத்தால் அது ஊதும். லேசானதை வைத்தால் சுருங்கும். பிணைப்பு நீளத்தையும் பாருங்கள்: கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு சுமார் 1.22 ஆங்ஸ்ட்ரம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), ஒற்றை சுமார் 1.43.

சமச்சீர் இதைவிட மோசமான பள்ளம். சி2/சி என்ற சமச்சீர்க் குழுவில் இருக்கவேண்டியதை, சமச்சீர் குறைந்த சிசி என்று தீர்த்தாலும் ஆர் அழகாகவே வரும், அளபுருக்கள் (நிரல் மாற்றிப் பார்க்கும் எண்கள்) கூடிவிடுவதால். ஆனால் ஒரே வகைப் பிணைப்புகளின் நீளங்கள் தாறுமாறாக வேறுபடும், அளபுருக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இட-வல அமைப்பில் எது சரி என்று சொல்லும் ஃபிளாக் மதிப்பு 0.5 அருகே நின்றால் உடனே இரட்டைப் படிகம் என்று எழுதிவிடாமல், பிளேட்டோன் நிரலில், விடுபட்ட சமச்சீரைத் தேடும் ஆட்சிம் ஓட்டுங்கள்.

தரவின் பிரிதிறன் 0.84 ஆங்ஸ்ட்ரம் வரை வேண்டும்: மாலிப்டினம் எக்ஸ்-கதிரில் தீட்டா (கதிர் திரும்பும் கோணத்தில் பாதி) சுமார் 25 பாகை, தாமிரத்தில் 67. ஒழுங்கற்ற கரைப்பானின் எலக்ட்ரான்களைக் கணக்கிலிருந்து நீக்கும் ஸ்குவீஸைத் துடைப்பமாக்காதீர்கள், முதலில் கரைப்பானை மாதிரியாக்க முயலுங்கள், முடியாவிட்டால் நீக்கிய எலக்ட்ரான் எண்ணிக்கையை, முடிவுகளைப் பதியும் சிஃப் கோப்பில் எழுதுங்கள். அந்தக் கோப்பைச் சோதிக்கும் செக்சிஃப் தரும் ஏ எச்சரிக்கைக்கு (மிகக் கடுமையானது) வேதியியல் காரணம் சொல்லத் தெரியவேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து. படிகத்தை வடிதாளில் காயவைத்துப் பினாங்குக்குப் பேருந்தில் அனுப்பாதீர்கள். இந்த வெக்கையில் உள்ளிருக்கும் கரைப்பான் போய், படிகம் மங்கி நொறுங்கிவிடும். அதை எந்த நிரலாலும் மீட்க முடியாது. படிகம் வளர்ந்த தாய்க்கரைசலோடு, சின்னப் புட்டியில், மூடியைப் பாராஃபிலிமால் சுற்றி அனுப்புங்கள். கேள்வி கேட்கும்போது படத்தை மட்டும் அனுப்பாமல் எச்கேஎல் (அளவீடு), ரெஸ் (மாதிரி) கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள்.