இழுத்துவிட்டாலும் ஏன் திரும்பி வருகின்றன?

2016 ஜனவரி 11 மாலை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலையிலிருந்து கல்லாமொழி, மணப்பாடு வரை நீளும் கரையில், கரிய பெரிய உடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணலேறத் தொடங்கின. மறுநாள் எண்ணிப் பார்த்தபோது 80-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பக்கத்து மீனவர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்கவில்லை. கயிறு கட்டி, படகில் இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விட்டார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான். விட்ட திமிங்கலங்களில் பல கரைக்கே திரும்பின. மறுபடி இழுத்தார்கள். மறுபடி வந்தன. கடைசியில் 40-க்கும் மேற்பட்டவை இறந்து, கரையிலேயே குழிதோண்டிப் புதைக்கப்பட்டன.

'திமிங்கலங்கள் தற்கொலை' என்று தலைப்புப் போடுகிறவர்களுக்கு இந்தத் திரும்பி வருகிற சங்கதிதான் பெரிய ஆதாரம். சாகும் முடிவோடு வராத விலங்கு, காப்பாற்றிவிட்ட பிறகும் ஏன் வரவேண்டும்? கேள்வி நியாயமானது. அவர்கள் சொல்லும் பதில்தான் தப்பு.

என்னைக் கேட்டால், ஏன் ஒதுங்குகின்றன என்பதைவிட ஏன் திரும்பி வருகின்றன என்பதே நல்ல கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில், வந்தது யார் என்று பார்ப்போம். அவை குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலங்கள். பெயரில்தான் திமிங்கலம், பிறப்பில் ஓங்கில் வகை. நம் கடற்கரையில் ஓங்கில் என்று சொல்லும் டால்பினுக்குப் பெரியப்பா மகன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மீட்டருக்கு மேல் வளரும். பெரிய ஆண்கள் மூன்று டன் வரை கனக்கும். முக்கியமான சாப்பாடு கணவாய். அதைத் துரத்திக்கொண்டு மூச்சை அடக்கி 1,000 மீட்டர் ஆழம் வரைகூட இறங்கும். தனியாக வாழத் தெரியாது. பாட்டி, அம்மா, பிள்ளைகள் என்று தாய்வழிக் கூட்டமாகவே திரியும். பெண்கள் 40 வயதுவாக்கில் குட்டி ஈனுவதை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகும் இருபது ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும். பிள்ளைப்பேறு நின்றபின் இத்தனை காலம் வாழும் விலங்குகள் உலகில் மிகக் கொஞ்சம். மனிதர்களும், பல்லுள்ள திமிங்கல வகைகளில் சிலவும் அதில் அடங்கும். கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாலுமி போகிறது, மற்றவை அதன் பின்னே போகின்றன என்ற பழைய நம்பிக்கையில்தான் 'பைலட்' என்ற பெயரே வந்தது.

ஆக, ஆழத்துக்குப் பழகிய உடம்பு, கூட்டத்தை விட்டுப் பிரியாத மனசு. கரையில் இவற்றைக் கொல்வது இந்த இரண்டும்தான்.

ஆழத்துக்கு வெளிச்சம் போகாது. அங்கே இவற்றுக்குக் கண்ணே காதுதான். மூக்குப் பாதைக்குள் 'டிக், டிக்' என்று ஒலியை உண்டாக்கி, நெற்றியிலுள்ள கொழுப்புத் திரளின் வழியாக அதை ஒரு கற்றையாகக் குவித்து முன்னால் அனுப்பும். எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடையிலுள்ள கொழுப்பு வாங்கி உள்காதுக்குக் கொடுக்கும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நாலு மடங்குக்கும் அதிகம். எதிரே பாறைச் சுவர் இருந்தால் எதிரொலி உடனே அறைந்தாற்போல் வரும். கணவாய்க் கூட்டம் இருந்தாலும் தெரியும்.

ஆனால் மெல்லச் சரியும் மணல் கரை ஒரு வினோதமான இடம். மழை இரவில் தார்ச்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்ந்த சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்து நம் கண்ணுக்குத் திரும்பும், சாலை தெரியும். நனைந்த சாலையிலோ வெளிச்சம் வழுக்கிக்கொண்டு முன்னாலேயே போய்விடும், நம்மிடம் திரும்பாது. எதிரே சாலையே இல்லாததுபோல ஒரே இருட்டு. ஒரு டிகிரிகூடச் சரிவில்லாத மணல் தரையில் திமிங்கலத்தின் ஒலிக்கு நேர்வதும் இதுவே. கிட்டத்தட்டக் கிடையாகப் போகும் ஒலி தரையில் உரசி, மேற்பரப்பில் பட்டு, மறுபடி தரையில் பட்டு, முன்னோக்கியே போய் மங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, அலை கிளப்பிய மணலும் காற்றுக் குமிழிகளும் மிச்சமிருக்கும் ஒலியைச் சிதறடிக்கின்றன. எதிரொலி வராவிட்டால் திமிங்கலத்தின் கணக்கில் எதிரே ஒன்றுமில்லை, திறந்த கடல். அது கரையை நோக்கி வரவில்லை. தன் கணக்குப்படி கடலுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது.

உலக வரைபடத்தில் கூட்டம் கூட்டமாக ஒதுங்கும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். நியூசிலாந்தின் ஃபேர்வெல் மணல்திட்டு, அமெரிக்காவின் கேப் காட், டாஸ்மேனியாவின் மக்வாரி துறைமுகம். முதல் இரண்டும் கொக்கிபோல் வளைந்த நிலம், உள்ளே அகன்ற ஆழமில்லாத மணல் தரை. மக்வாரியில் குறுகிய வாயும் அதைச் சுற்றி மணல்திட்டுகளும். உள்ளே போக வழி எளிது, வெளியே வருவது கஷ்டம். மீன் பிடிக்கும் பறியும் கூடும் இதே தத்துவத்தில்தான் செய்யப்படுகின்றன. 2020 செப்டம்பரில் மக்வாரியில் சுமார் 470 பைலட் திமிங்கலங்கள் மாட்டிக்கொண்டன. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, அதே செப்டம்பரில், அதே இடத்தில் இன்னும் 230. நம் பக்கமும் அப்படித்தான். 1973 ஜனவரியில் பொங்கலை ஒட்டி, தூத்துக்குடிக் கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 43 ஆண்டு கழித்து அதே மாதம், அதே மாவட்டம். இரண்டே நிகழ்ச்சியை வைத்து மாதத்தைப் பற்றிப் பெரிய முடிவுக்கு வருவதற்கில்லை. ஆனால் இடத்தின் அமைப்புக்கு இதில் பங்குண்டு என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, மணலில் தட்டியாயிற்று. திமிங்கலம் நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பதுதானே, கரையில் கிடந்தால் என்ன?

கனம்தான். கடலில் மூன்று டன்னையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. தன் எடையைத் தானே தாங்க வேண்டிய தேவை அந்த உடம்புக்கு வந்ததே இல்லை. மணலில் கிடந்ததும் அத்தனை கனமும் அதன் நெஞ்சின் மேலேயே ஏறுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் சொந்த உடம்பையே தூக்கி இறக்க வேண்டும். அடியில் நசுங்கும் தசைகளுக்கு ரத்த ஓட்டம் நின்று, திசுக்கள் சிதைந்து, மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்கு அடியில் மணிக்கணக்கில் சிக்கியவர்களை வெளியே எடுத்த பிறகும் சிலர் இறந்துபோவது இதே காரணத்தால்தான். கரையில் ஒரு இரவு கிடந்த திமிங்கலத்தைத் தண்ணீரில் விட்டதும் அது நீந்திப் போவதைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். உள்ளே சேதம் நடந்து முடிந்திருக்கலாம்.

அப்புறம் சூடு. உடம்பு முழுக்கக் கொழுப்புப் போர்வை. உடற்சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் வேகமாக உறிஞ்சும் தண்ணீருக்காகத் தைத்த போர்வை அது. வெயிலில் கிடக்கும்போது அதைக் கழற்ற முடியாது. கருப்புத் தோல் வேறு. காய்ந்து, கொப்பளித்து, உரிந்துவிடும். இன்னொரு கொடுமை, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும்போது அலை ஏறினால் தலையுச்சியிலுள்ள மூச்சுத்துளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். கரைக்கு வந்த திமிங்கலம் மூழ்கிச் சாவதும் உண்டு.

இப்போது திரும்பி வருகிற கதைக்கு வருவோம். பல மணி நேரம் ஒருக்களித்துக் கிடந்த விலங்குக்குத் தசை மரத்துப்போயிருக்கும், சமநிலை தவறியிருக்கும். தண்ணீரில் விட்டால் நேராக நிற்கவே தடுமாறும். அந்த நிலையில் அதைப் படகில் இழுத்துக்கொண்டுபோய் ஒரு கிலோமீட்டர் தள்ளி விடுகிறோம். அங்கேயும் ஆழமில்லை, அங்கேயும் எதிரொலி வருவதில்லை. ஆனால் ஒரு சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கரையில் கிடக்கும் மற்றவை விசிலடிப்பதுபோல் கத்திக்கொண்டிருக்கின்றன. திக்குத் தெரியாத இடத்தில் தெரிந்த குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம்தானே போகத் தோன்றும்?

ஆழக்கடலில் இந்தக் குணம்தான் அவற்றைக் காக்கிறது. ஒன்றுக்கு ஆபத்தென்றால் எல்லாம் நெருங்கி நிற்கும். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபேரோ தீவுக்காரர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். பைலட் திமிங்கலக் கூட்டத்தைப் படகுகளால் அரைவட்டமாக வளைத்து, மணல் கரையுள்ள வளைகுடாவுக்குள் ஓட்டி, இறைச்சிக்காகக் கொல்வது அவர்கள் வழக்கம். கூட்டம் சிதறி ஓடும் குணமுள்ளதாக இருந்தால் அந்த வேட்டை நடக்கவே நடக்காது.

ஆனால் 'தலைவி போனாள், குடும்பமே பின்னால் போனது' என்று இதை ஒரு குடும்பக் கதையாக எழுதிவிடுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் ஒதுங்கிய நீளத் துடுப்பு பைலட் திமிங்கலங்களின் மரபணுவைச் சோதித்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே சமயத்தில் ஒதுங்கியவை ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை அல்ல, பல வழிகள் கலந்திருந்தன. அதைவிட மனதைத் தைத்தது இன்னொன்று. கரையில் கிடந்த குட்டிகள் பலவற்றின் பக்கத்தில் தாய் இல்லை. ஒதுங்குவதற்கு முன்போ ஒதுங்கும்போதோ குடும்பங்கள் கலைந்துபோயிருக்கலாம், ஒன்றையொன்று தேடும் அந்தக் குழப்பமே கூட்டத்தைக் கரைக்குத் தள்ளியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

கரைக்கு அருகே அவற்றை முதலில் கொண்டுவந்து சேர்ப்பது எது என்பதற்கு ஒரே பதில் இல்லை. கணவாயைத் துரத்திக்கொண்டு வரலாம். நோயாலோ ஒட்டுண்ணியாலோ தளர்ந்து வரலாம். அமெரிக்காவில் ஒதுங்கிய டால்பின்களின் செவித்திறனைச் சோதித்து 2010-இல் வெளியிட்டபோது, ஒரு வகையில் பாதிக்கும் மேற்பட்டவை கிட்டத்தட்டச் செவிடாக இருந்தது தெரிந்தது. எதிரொலியை நம்பி வாழும் விலங்குக்குக் காது போனால் கண் போனதற்குச் சமம். 1987-இல் கேப் காட் அருகே 14 கூன்முதுகுத் திமிங்கலங்கள் இறந்ததற்குக் காரணம், பாசி நஞ்சு ஏறிய கானாங்கெளுத்தியைத் தின்றதுதான். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது 40-க்கும் மேற்பட்ட கடல் பாலூட்டிகளின் புதைபடிவங்கள் நான்கு அடுக்குகளில் கிடைத்தன. 60 முதல் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. அங்கும் பாசி நஞ்சைத்தான் சந்தேகிக்கிறார்கள். கப்பலும், தண்ணீருக்குள் ஒலி அனுப்பித் தேடும் சோனார் கருவியும் இல்லாத காலத்திலும் நான்கு தடவை ஒரே இடத்தில் ஒதுங்கியிருக்கின்றன.

அதற்காக மனிதன் மேல் பழியே இல்லை என்றாகாது. 2002-இல் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் கடற்படைப் பயிற்சி நடந்தபோது 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. உடலை அறுத்துப் பார்த்ததில் உறுப்புகளில் வாயுக் குமிழிகள். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்த முத்துக்குளிப்பவருக்கும் ஸ்கூபா வீரருக்கும் வரும் கோளாறு போன்றது. சோனார் ஒலிக்கு மிரண்டு, வழக்கமான மூழ்கல் முறையை மீறியதன் விளைவு என்று கருதுகிறார்கள். சோனாரால் நேரும் ஒதுங்கலின் அடையாளமே வேறு. கூட்டமாக ஒரே இடத்தில் கிடக்காது; பல கிலோமீட்டர் நீளத்துக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மணி நேரத்துக்குள் ஒதுங்கும். 2000-இல் பஹாமாஸில் 17 ஒதுங்கியதும் இப்படித்தான். அமெரிக்கக் கடற்படையே பிறகு தன் சோனாரின் பங்கை ஒப்புக்கொண்டது. 2004-இல் ஸ்பெயின் கேனரி தீவுகளைச் சுற்றி சோனாருக்குத் தடை போட்டது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அங்கே அப்படிப்பட்ட கூட்ட மரணங்கள் நின்றுபோயின. இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

சூரியப் புயல் பூமியின் காந்தப் புலத்தைக் குழப்பித் திமிங்கலங்களைத் திசைமாற்றுகிறது என்றும் ஒரு கருத்து உண்டு. சாம்பல் திமிங்கலங்கள் தனித்தனியாக ஒதுங்குவதில் அதற்குக் கொஞ்சம் புள்ளிவிவர ஆதரவும் இருக்கிறது. கூட்டமாக ஒதுங்குவதற்கு இதை இழுத்துப் பொருத்துவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நிலநடுக்கம், சுனாமி முன்னறிவிப்பு என்று சொல்வதை விட்டுவிடலாம். 2016-இல் திருச்செந்தூரில் அந்தப் பயம் பரவத்தான் செய்தது; எந்த அலையும் வரவில்லை.

காப்பாற்றும் முறைகூட இந்தத் திரும்பி வரும் குணத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான் மாறியது. வாலில் கயிறு கட்டி இழுத்தால் மூட்டு பிசகும், தலை தண்ணீருக்குள் போய் மூச்சுத்துளை அடைபடும். ஈரத்துணி போர்த்தலாம், மூச்சுத்துளையை மட்டும் மூடக்கூடாது. உடம்பை நிமிர்த்தி வயிறு கீழே இருக்கும்படி வைக்க வேண்டும், துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொன்றாக அனுப்பக்கூடாது. நியூசிலாந்தில் மிதக்கத் தொடங்கியவற்றை இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். மற்றவையும் மிதந்து, உடம்பு மரத்தது தெளிந்து, ஒன்றையொன்று அறிந்துகொண்ட பிறகு மொத்தமாக விடுவார்கள். அதற்கு அங்கே கடல் ஏற்றம் கைகொடுக்கிறது. நீர்மட்டம் பல அடி ஏறி, கிடக்கும் விலங்கைத் தானே தூக்கிவிடும். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசமில்லை. திருச்செந்தூர்க்காரர்கள் கயிற்றை எடுத்தது அறியாமையால் மட்டும் அல்ல. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் சுமார் 120 பைலட் திமிங்கலங்கள் வந்தபோதும், கடற்படையினரும் ஊர்க்காரர்களும் இரவு முழுக்க ஒவ்வொன்றாகத்தான் தள்ளிவிட வேண்டியிருந்தது. அங்கே ஒரு சிலவே இறந்தன.

2017 பிப்ரவரியில் ஃபேர்வெல் மணல்திட்டில் 400-க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. ஆட்கள் போய்ச் சேருவதற்குள் பெரும்பாலானவை இறந்துவிட்டன. மிஞ்சிய நூறு சொச்சத்தை ஏற்றத்தில் மிதக்கவைத்து, அவை கரைக்குத் திரும்பாதபடி தண்ணீருக்குள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். வெளியே போனவற்றில் பல அங்கே திரிந்த இன்னொரு பெரிய கூட்டத்தோடு சேர்ந்துகொண்டன. மறுநாள் அந்த 200-க்கும் மேற்பட்டவையும் கரையேறின. இருட்டிவிட்டதால் தொண்டர்களைத் தண்ணீரில் இறங்க வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி கடல் ஏறியது. விடிந்து வந்து பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே தாமாகவே மிதந்து போயிருந்தன.