விடியல் பிறந்த ஊர்: இலே இஃபேயும் பகல் இரவுக் கணக்கும்

தென்மேற்கு நைஜீரியாவில் உள்ள நகரம் இலே இஃபே. யொரூபா மக்களின் தொன்மக் கதைப்படி, உலகம் அங்கேதான் தொடங்கியது. ஆதியில் மேலே வானம், கீழே கண்ணுக்கு எட்டிய வரை நீர். வானுலகத் தலைவன் ஒலோருனிடம் விடைபெற்று, ஒரு தெய்வம் சங்கிலியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறது. நத்தை ஓட்டில் கொஞ்சம் மண், ஐந்து விரல் கோழி ஒன்று, எண்ணெய்ப்பனை விதை. கொண்டுவந்தது இவ்வளவுதான். நீரின் மேல் மண்ணைக் கொட்டியதும் கோழி அதைக் கிளறிக் கிளறிப் பரப்ப, நிலம் உண்டாயிற்று. அது காய்ந்து இறுகிவிட்டதா என்று சோதிக்க வந்ததாம் பச்சோந்தி. இறங்கியவர் ஒபாத்தாலா என்பார் சிலர். அவர் வழியில் கள்ளைக் குடித்து உறங்கிவிட, ஒடுடுவா என்ற மற்றொரு தெய்வம் வேலையை முடித்தது என்பார் வேறு சிலர்.

இந்த நகருக்கு யொரூபா மொழியில் ஒரு புகழ்மொழி உண்டு: விடியல் புறப்பட்டு வரும் இடம் இஃபே. ஆண்டுதோறும் நடக்கும் ஒலோஜோ திருவிழாவும் அந்த முதல் விடியலை நினைத்துத்தான். இஃபேயின் அரசரான ஊனி, பழம்பெருமை வாய்ந்த மணிமுடியை அணிந்து அன்று மக்கள் முன் வருகிறார்.

விடியல் ஓர் ஊரிலிருந்து புறப்பட முடியுமா? இதைக் கதைதானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போனால் வானியலின் அருமையான பகுதிகளுக்குள் நுழைந்துவிடலாம்.

பூமியின் ஒரு பாதி எப்போதும் வெயிலில் இருக்கிறது, மறுபாதி நிழலில். இரண்டுக்கும் நடுவே பூமியைச் சுற்றி ஒரு எல்லை வட்டம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஒவ்வோர் ஊரும் அந்த எல்லையைக் கடந்து வெளிச்சத்துக்குள் நுழைகிறது. அதுவே விடியல். இஃபே இருப்பது வடக்கே ஏறக்குறைய 7.5 பாகையில். அங்கே தரை நொடிக்குச் சுமார் 460 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒலியை விட வேகம். ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்பதுதான் கணக்கு. பகலும் இரவும் சமம் என்று சொல்லப்படும் சம இரவு நாள் ஒன்றில் (மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருவது) பார்த்தால், கிழக்கே உள்ள ஓவோ நகரில் இஃபேக்குச் சுமார் 4 நிமிடம் முன்பே சூரியன் எழுந்துவிடும். மேற்கே உள்ள லாகோஸில் 4, 5 நிமிடம் கழித்து எழும். அதே விடியல் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரேசிலின் சால்வடோர் நகரை அடைய ஏறக்குறைய 2 மணி 52 நிமிடம் ஆகும். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட யொரூபா மக்கள் பலர் கொண்டுபோய் இறக்கப்பட்ட நகரம் அது. ஒபாத்தாலா அங்கே இன்றும் ஒஷாலா என்ற பெயரில் வணங்கப்படுகிறார்.

ஆக, விடியலுக்குப் பிறந்த ஊர் என்று எதுவும் இல்லை. அது எந்த நொடியிலும் எங்கோ நடந்துகொண்டேதான் இருக்கிறது.

யொரூபா நாட்டின் பகலுக்கும் இரவுக்கும் ஒரு தனிக்குணம் இருக்கிறது: இரண்டும் கிட்டத்தட்டச் சரிசமம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் பகல் நீள்வதும் குறுகுவதும் நடக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்தச் சாய்வின் விளைவு மிகக் குறைவு. இஃபேயில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 34 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 41 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. லண்டனில் இதே வேறுபாடு எட்டரை மணி நேரத்துக்கும் மேல்.

உற்றுப் பார்த்தால் இதில் இன்னொரு விந்தையும் தெரியும். சம இரவு நாளில்கூட இஃபேயின் பகல் 12 மணி நேரத்தை விட 6, 7 நிமிடம் கூடுதல். பூமியின் காற்றுமண்டலம் சூரிய ஒளியை வளைத்துவிடுகிறது. தொடுவானத்தில் இந்த வளைவு அரைப் பாகைக்குச் சற்று அதிகம். சூரிய வட்டின் அகலத்தை விடவும் கொஞ்சம் கூட. இதனால், காலையில் சூரியனின் மேல் விளிம்பு நம் கண்ணுக்குத் தெரியும் கணத்தில் உண்மையான சூரியன் முழுவதுமாகத் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. நாம் காண்பது காற்று மேலே தூக்கிக் காட்டும் உருவத்தைத்தான். மாலையிலும் அப்படியே: மறைந்துபோன சூரியனைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்க்கிறோம்.

அடுத்தது அந்திக் கருக்கல். சூரியன் மறைந்த பின்னும் மேலடுக்குக் காற்றில் வெயில் பட்டுச் சிதறுவதால் வெளிச்சம் உடனே போய்விடுவதில்லை. சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே போகும் வரை, விளக்கில்லாமலே வெளிவேலை செய்யலாம். அந்த 6 பாகையைக் கடக்க எவ்வளவு நேரம் என்பது சூரியன் இறங்கும் கோணத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது, கிணற்றில் விட்ட வாளி போல. இஃபேயில் 21 முதல் 23 நிமிடத்தில் முடிந்துவிடும். லண்டனில் சூரியன் சரிந்து சரிந்து இறங்குவதால் ஜூன் மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். அந்த நாள்களில் அங்கே நள்ளிரவிலும் வானம் முழுதாக இருட்டுவதில்லை. இருட்டைப் பற்றி இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி கதை சொல்ல முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை ஹார்மட்டான் காற்று சகாராவின் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் வழக்கமான விடியல் சிவக்கிறது. புழுதித் துகள்கள் அவற்றை விட மிகப் பெரியவை. எல்லா நிற ஒளியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் புழுதி அடர்ந்த காலைகளில் சூரியன் நிலவைப் போல வெளிறித் தெரிகிறது. தொடுவானத்தில் புழுதி அடர்த்தியாக இருந்தால், எழுந்து வெகுநேரம் கழித்தே கண்ணில் படும்.

விடியலுக்குத் தொடக்க இடம் இல்லை என்றேன். ஆனால் நாள்களை எண்ணுவதற்கு ஒரு தொடக்க இடம் வேண்டும். அதை மனிதர்கள்தான் குறித்தாக வேண்டும். 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடிய மாநாடு, லண்டனை அடுத்த கிரீனிச்சின் வழியே போகும் தீர்க்கரேகைக் கோட்டைச் சுழியம் என்று ஏற்றது. யொரூபா அரசுகளுக்கு அங்கே இடமில்லை. அவை அப்போது, தமக்குள்ளே 1877-இல் மூண்ட கிரிஜி போரின் நடுவில் இருந்தன. அந்தக் கோடு மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் டெமா நகர் வழியே கடலில் இறங்குகிறது. இஃபே அதற்குக் கிழக்கே நாலரைப் பாகை, அதாவது 18 நிமிடம். கிரீனிச்சைத் தேர்ந்ததற்கு வானம் காரணமில்லை. உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை அதை வைத்து வரைந்த வரைபடங்களைப் பயன்படுத்திவந்ததே முக்கியக் காரணம். தேதி மாறும் இடமான தேதிக்கோடும் அப்படித்தான்: 1995 தொடக்கத்தில் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி அதைத் தன் நாட்டுக்குக் கிழக்கே தள்ளிவைத்தது, உடனே அதன் கிழக்குத் தீவுகள் புதிய தேதியை உலகில் முதலில் தொடும் இடங்களாயின. இவற்றோடு வைத்துப் பார்த்தால், விடியலைத் தங்கள் ஊரிலிருந்து எண்ணிய இஃபே மக்களின் தேர்வு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பேன்.

நைஜீரியாவின் கடிகாரம் இன்று கிரீனிச்சை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த நேரத்துக்கு உரிய கோடு கிழக்கே 15 பாகை. அது நைஜீரியாவின் எல்லைக்கு வெளியே போகிறது. அதனால் இஃபேயில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12:42 ஆகியிருக்கும். டோகோ நாட்டின் அட்டக்பாமே பகுதியிலும் யொரூபா வழியினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய சூரியன் இஃபேயின் சூரியனை விட 14 நிமிடம் பிந்தியது, கடிகாரமோ ஒரு மணி நேரம்.