கோப்பு இடம் மாறுவதில்லை

"இடமாற்றம் முடிந்தது என்கிறது. படமெல்லாம் இங்கேயே இருக்கிறதே?" என்று கேட்டு அக்கா கைப்பேசியை நீட்டினாள். மகள் கல்யாணப் படங்கள், மொத்தம் 412. வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்பியிருக்கிறாள். கைப்பேசியில் ஒரு படமும் குறையாததால் போகவில்லை என்று நினைத்து, மறுபடியும் மறுபடியும் அனுப்பியிருக்கிறாள். கணினியைத் திறந்தால் ஒவ்வொரு படமும் மூன்று மூன்றாக இருக்கிறது. அக்கா மேல் பிழையில்லை. இடமாற்றம் என்ற சொல்லைத் தமிழ் தெரிந்த எவரும் எப்படிப் புரிந்துகொள்வார்களோ அப்படித்தான் அவளும் புரிந்துகொண்டாள்.

'வயர்லெஸ் ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் 'கம்பியில்லாக் கோப்பு இடமாற்றம்' என்று தமிழாக்கியிருக்கிறார்கள். இதில் கோப்பு நல்ல சொல். கோத்து வைப்பது கோப்பு. ஆங்கில ஃபைலும் நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. அங்கும் தாள்களை நூலில் கோத்துத்தான் வைத்தார்கள். கம்பியில்லா என்பதும் கம்பியில்லாத் தந்திக் காலத்திலிருந்து பழகியது. சிக்கலெல்லாம் டிரான்ஸ்ஃபரில். லத்தீனில் அதற்கு அக்கரைக்குக் கொண்டுசெல்வது என்பதுபோல் பொருள்.

ஆசிரியர் ஒருவருக்கு இடமாற்றம் கிடைத்தால் பழைய பள்ளியில் அவர் நாற்காலி காலி. கோப்பு அப்படிப் போவதில்லை. கைப்பேசி அதைப் படித்துத் துண்டு துண்டாக வானலையில் அனுப்புகிறது. கணினி துண்டுகளைச் சேர்த்து அதே போல் இன்னொன்றை எழுதிக்கொள்கிறது. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அபய் பூஷண், கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்பு அனுப்பப் பின்பற்றும் எஃப்.டி.பி. (ஃபைல் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) என்ற நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971இல் எழுதினார். 1985இல் வந்த அதன் திருத்திய வடிவம், கோப்பைக் கேட்டால் அதன் நகல்தான் வரும், மூலத்துக்கு எந்த மாறுதலும் நேராது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நெறிமுறையே இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நாம் ஏன் குழப்ப வேண்டும்?

பரிமாற்றம் என்று எழுதுகிறவர்கள் இன்னும் அதிகம். கருத்துப் பரிமாற்றம், கடிதப் பரிமாற்றம் என்றால் கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். அக்கா 412 படம் கொடுத்தாள்; கணினி பதிலுக்கு எதைக் கொடுத்தது? பந்தியில் பரிமாறுவது ஒருபக்கம்தானே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். ஒருபக்கம்தான். ஆனால் அங்கே வாளியில் சாம்பார் குறைகிறது. இருவர் தங்களுக்குள் படங்களைக் கொடுத்து வாங்கினால் அதைப் பரிமாற்றம் என்போம். அங்கே அது மிகப் பொருத்தம்.

மற்றதற்கெல்லாம் 'அனுப்பு' போதும். கடிதத்தை அனுப்பினால் அது நம் கையை விட்டுப் போய்விடுமே என்பார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற எவரும் தன்னிடமிருந்து அது போய்விடும் என்று எண்ணுவதில்லை. வழக்கு அந்தப் பொருளை எப்போதோ நிலைநிறுத்திவிட்டது. மூலம் உண்மையிலேயே போய்விடுமானால் 'நகர்த்து' என்ற சொல் இருக்கிறது.

ஆனாலும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வினைச்சொல் கசக்கிறது. 'அனுப்பு' என்றால் எளிமையாகிவிடுமாம். 'இடமாற்றம் செய்' என்றால்தான் மதிப்பாம். 'அனுப்புகிறது' என்று ஒரே சொல்லில் முடிவதை 'இடமாற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்று இழுத்து, சின்னத் திரையில் பாதி எழுத்து வெட்டுப்பட்டு நிற்கும்படி செய்கிறார்கள். பெயர்ச்சொல்லோடு 'செய்யப்படு' ஒட்டும் இந்தப் பழக்கம் செய்தித்தாள் வரை பரவிவிட்டது. விசாரித்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை, 'விசாரணை மேற்கொள்ளப்பட்டது'தான்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது இரண்டே வரி: "412 படங்களும் கணினிக்குப் போய்ச் சேர்ந்தன. கைப்பேசியில் இருப்பவற்றை நீக்கவா?"