கேக்கைச் சுற்றி மூன்று அடி

பிறந்தநாள் அலங்காரத்துக்காக எனக்கு வரும் போன்களில் பாதிப் பேர் எடுத்ததும் கேட்பது இதைத்தான்: "அக்கா, பலூன் எல்லாம் மேல பறக்கோணும். பண்ணித் தருவீங்களா?" கோயம்புத்தூரில் 12 வருடமாக இந்த வேலை செய்கிறேன். முன்பெல்லாம் உடனே சரி என்று சொல்லிவிடுவேன். இப்போது பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: "கேக்கை எந்த இடத்துல வெச்சு வெட்டப் போறீங்க?"

மொத்த வீட்டிலும் அன்று நெருப்பு இருக்கப்போவது அந்த ஓர் இடத்தில்தான். எளிதில் பற்றிக்கொள்ளும் பொருட்களையெல்லாம் கொண்டுபோய்க் குவிப்பதும் அதே இடத்தில்தான். பின்னால் நெட் துணி, அதன்மேல் பேப்பர் பூ, தெர்மோகோல் எழுத்து, தலைக்கு மேல் பலூன், நடுவில் நைலான் ஃப்ராக் போட்ட குழந்தை. போட்டோவில் அழகாக இருக்கும். என் வேலையே அதுதான், ஆனாலும் இப்போது பார்த்தால் பயமாக இருக்கிறது.

பறக்கும் பலூனில் ஹீலியம் இருந்தால் தீப்பிடிக்காது. ஆனால் ஹீலியம் பூமிக்கடியில் இயற்கை எரிவாயுவோடு கிடைப்பது. நம் நாட்டுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலையும் அதிகம். அதனால் சிலர் ஹைட்ரஜனை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹீலியத்தைவிட லேசான வாயு, நன்றாகவே பறக்கும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றும். சமையல் கேஸுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 2 முதல் 10 சதவீதம்தான். ஹைட்ரஜனுக்குத் தீக்குச்சிகூட வேண்டாம், நைலான் துணி உரசும்போது வரும் சிறு பொறியே போதும். 1937இல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் இருந்தது இந்த வாயுதான். 36 பேர் இறந்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில், ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பறக்கவிட வைத்திருந்த பலூன் கொத்து பட்டாசுத் தீ பட்டு வெடித்துப் பலருக்குக் காயம். அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பலூன் மட்டும் இல்லை, அதை நிரப்பும் சிலிண்டரும் ஆபத்துதான். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூன்காரர் வைத்திருந்த சிலிண்டர் வெடித்து, பக்கத்தில் நின்ற ஒருவர் உயிரிழந்தார். பழைய சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க யாரையும் விடாதீர்கள்.

உள்ளே இருப்பது எந்த வாயு என்று பலூனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிலிண்டரின் நிறத்தையும் நம்ப முடியாது, பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வாயுவின் பெயர் போட்ட பில் கேளுங்கள். தயங்கினால் அந்தப் பலூன் வேண்டாம்.

உண்மையில் அந்த வாயுவே தேவையில்லை. சாதாரணக் கைப் பம்பில் காற்றடித்த பலூனை அறையின் மேற்கூரையில் ஒட்டி, முடிச்சிலிருந்து மூன்று அடிக்கு சாட்டின் ரிப்பன் தொங்கவிட்டுப் பாருங்கள். போட்டோவில் வித்தியாசமே தெரியாது. டேப் ஒட்டினால் சுவர்ப் பெயின்ட் உரியும் என்று பயப்படுகிறவர்கள், எதிரெதிரே இருக்கும் இரண்டு ஸ்கிரீன் கம்பிகளுக்கு நடுவே மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டி அதில் மாட்டலாம். நான் ஹாலில் அப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது ஸ்நோ ஸ்ப்ரே. பார்க்க சோப்பு நுரை மாதிரி இருக்கும். டப்பாவிலிருந்து அந்த நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன். அதாவது நம் சமையல் கேஸ். டப்பாவின் பின்பக்கம் தீப்படம் போட்டிருக்கும், யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் நான் அலங்காரம் செய்த ஒரு வீட்டில், பாட்டு முடிவதற்குள் குழந்தையின் மாமா ஸ்ப்ரேயை அழுத்திவிட்டார். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ஒரு நொடியில் நீலமாக ஒரு ஜ்வாலை எழும்பி அம்மாவின் முன்முடியைப் பிடித்தது. பக்கத்தில் இருந்த துண்டால் அணைத்தோம். நெற்றியில் சின்னக் காயத்தோடு போயிற்று. குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்டது இதுதான். கேக் மேசையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று அடிக்குத் துணி, பேப்பர், பலூன் எதுவும் வைப்பதில்லை. பின்னணித் துணியும் அந்தத் தூரம் தள்ளித்தான். ஸ்ப்ரே வாங்கி வந்திருந்தால் கேட்டு வாங்கி வெளியே வைத்துவிடுவேன். மெழுகுவத்தியை ஊதி அணைத்து, கேக்கிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்ட பிறகு உதிரிப்பூ தூவிக்கொள்ளலாம். மேசைக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். உடம்போடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பெரிய காயமானாலும், முகத்தில் பட்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

விளக்கு எரியும் பலூன், பேட்டரி மெழுகுவத்தி வாங்கினால் அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

சரி, இவ்வளவையும் விலக்கிவிட்டால் அலங்காரத்துக்கு என்ன மிச்சம் என்று கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது குருத்தோலைத் தோரணம். தென்னங்குருத்தின் அந்த வெளிர் மஞ்சளுக்கு எந்த சாட்டின் துணியும் ஈடில்லை. பச்சை ஓலையில் ஈரம் இருப்பதால் பேப்பர் மாதிரி குப்பென்று பற்றாது. மிச்சமானால் உரக்குழிக்குப் போகும். கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் பெரியவர் ஒருவரிடம் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஈர்க்கை உரித்து, இரண்டு இலையைக் குறுக்கே வைத்து மடித்தால் கிளி. அதே ஓலையில் பாம்பு, வாட்ச், காற்றாடி, பீப்பி எல்லாம் வரும்.

போன மாதம் சரவணம்பட்டியில் ஒரு ஐந்து வயதுப் பிறந்தநாள். தோரணம் கட்டியதுபோக மீதி ஓலையை ஒரு பாயில் போட்டு உட்கார்ந்தேன். வந்த பிள்ளைகள் பாதிப் பேர் கேக் வெட்டும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. தாத்தா ஒருவர் தானாக வந்து உட்கார்ந்து, எனக்குத் தெரியாத வெட்டுக்கிளி ஒன்றை மடித்துக் காட்டினார்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் குருத்தை முந்தின நாள் மாலை வாங்கி, நனைத்த கோணிச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் மடிப்பில் வெடித்துவிடும்.